அந்த யுகம், எந்த யுகம்?

2008 ஜனவரியில் எங்கள் குடியிருப்பில், லிஃப்ட் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினோம். "பொங்கல் விழா. மாலை 6 மணிக்கு நாடகம்: அந்த யுகம்." ஒட்டி அரை மணி நேரம் ஆகியிருக்காது. மூன்றாவது மாடி மாமி என்னை நிறுத்திக் கேட்டார். "அந்த யுகம்னா, எந்த யுகம்ப்பா?"

நியாயமான கேள்விதான். ஹிந்தியில் 'அந்தா யுக்' என்றால் குருட்டு யுகம். அந்தகன் என்றால் குருடன் என்று நமக்கும் தெரியும். ஆனால் தமிழில் 'அந்த யுகம்' என்று எழுதினால் ஏதோ பழைய காலத்தைக் கை காட்டுகிற மாதிரி ஆகிவிடுகிறது. மறுநாள் 'குருட்டு யுகம்' என்று திருத்தி ஒட்டினோம். நோட்டீஸைத் திருத்தியாகிவிட்டது. மாமியின் கேள்வி மட்டும் இத்தனை வருடம் கழித்தும் என்னிடமே இருக்கிறது.

தில்லிப் பக்கம் குடியிருக்கும் தமிழர்களுக்குப் பொங்கல் நாடகம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டாம். ஒரு சோபா, ஒரு டெலிபோன், ஒரு மாமனார், ஒரு ஆள்மாறாட்டம். நானும் மூன்று வருடம் அதில் அசட்டு மாப்பிள்ளையாக நடித்தவன். குறை சொல்லவில்லை. ஆனால் இந்திரா பார்த்தசாரதி தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டே 'மழை', 'ஔரங்கசீப்' என்று நாடகங்கள் எழுதிய ஊர் இது. ஒரு தடவையாவது வேறு மாதிரி செய்து பார்ப்போமே என்று தோன்றியது. ஆபீசில் கூட வேலை செய்யும் அலகாபாத்துக்காரர் ஒருவர் 'அந்தா யுக்' புத்தகத்தைக் கொடுத்தார். என் ஹிந்தி, ஆட்டோக்காரரிடம் சண்டை போடுகிற அளவு ஹிந்தி. அவர் வரி வரியாக அர்த்தம் சொல்ல, நான் தமிழில் எழுதிக்கொண்டு, நாற்பத்தைந்து நிமிடத்துக்குச் சுருக்கினேன்.

முதலில் நாடகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எழுதியவர் தரம்வீர் பாரதி (1926-1997). அலகாபாத்துக்காரர். 'தர்மயுக்' வார இதழை 1960 முதல் 1987 வரை நடத்திய ஆசிரியர் என்றால் வடக்கே பழைய ஆட்களுக்கு உடனே புரியும். 1950களின் முதல் பாதியில், முப்பது வயது ஆவதற்கு முன்னால், இந்த நாடகத்தை எழுதினார். தேசப் பிரிவினை முடிந்து ஆறேழு வருடம்தான் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரனே பக்கத்து வீட்டுக்காரனை வெட்டிய நாட்கள் எல்லார் ஞாபகத்திலும் இருந்தன. ஹிரோஷிமாவும் பழைய செய்தி ஆகிவிடவில்லை. நாடகம் முதலில் மேடை ஏறவில்லை. அலகாபாத் வானொலியில்தான் ஒலிபரப்பானது.

கதை பாரதப் போரின் பதினெட்டாம் நாள் சாயங்காலம் ஆரம்பித்து, கிருஷ்ணன் வேடனின் அம்பு பட்டு இறப்பதோடு முடிகிறது. ஐந்து அங்கம். பீமன் கதையைச் சுழற்றுவது, அர்ஜுனன் வில்லை வளைப்பது ஒன்றும் மேடையில் கிடையாது. போர் முடிந்துவிட்டது. அஸ்தினாபுரத்து அரண்மனைத் தாழ்வாரத்தில் இரண்டு காவல்காரர்கள் மேலும் கீழும் நடக்கிறார்கள். உள்ளே காப்பாற்ற ஒன்றுமில்லை. பார்வை இல்லாத ராஜா, கண்ணைக் கட்டிக்கொண்ட ராணி, போர்க்களச் செய்திக்குக் காத்திருக்கும் விதுரர். அவ்வளவுதான்.

அப்புறம் ஒவ்வொருவராக வருகிறார்கள். கொல்லப்படவும் முடியாமல், பார்த்ததை மறக்கவும் முடியாமல் சஞ்சயன். அப்பா செத்த விதத்தை நினைத்து நினைத்து மிருகமாகிவிட்ட அஸ்வத்தாமன். அண்ணன் தம்பிகளை விட்டுவிட்டு, தர்மம் என்று நம்பிப் பாண்டவர் பக்கம் போய்ச் சண்டை போட்டு, ஜெயித்து, வீட்டுக்கு வந்த யுயுத்சு. அவனை வாசலிலேயே எல்லாரும் வெறுக்கிறார்கள்.

நமக்கு இந்தக் கதை தெரியும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுத உட்கார்ந்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. நம் ஊரில் பாரதம் என்றால் வில்லிபுத்தூரார். அவருடைய பாரதம் பத்துப் பருவத்தோடு நிற்கிறது. சௌப்திக பருவம், அதாவது அஸ்வத்தாமன் ராத்திரியில் பாசறைக்குள் புகுந்து தூங்குகிறவர்களைக் கொல்வது, அதோடு சரி. வியாசருடைய மற்ற எட்டுப் பருவமும் அதில் இல்லை. காந்தாரி களத்துக்கு வந்து மகன்களின் உடலைத் தேடுகிற ஸ்திரீ பருவம் பதினோராவது. அதுவும் இல்லை. நல்லாப்பிள்ளை பாரதம் பதினெட்டுப் பருவத்தையும் சொல்கிறது, ஆனால் அதைப் படித்தவர்கள் எத்தனை பேர்? ராஜாஜியின் 'வியாசர் விருந்து' வழியாகத்தான் என் தலைமுறைக்கு மிச்சக் கதை கொஞ்சம் தெரியும்.

தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இன்னொரு ஞாபகம் இருக்கும். திருவண்ணாமலை, காஞ்சிபுரம், விழுப்புரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாவில் பதினெட்டாம் போர்க் கூத்து விடிய விடிய நடக்கும். காலையில் படுகளம். மண்ணால் பிரம்மாண்டமாகச் செய்த துரியோதனன் தரையில் கிடப்பான். அவன் விழுந்ததும் திரௌபதி கூந்தலை முடிவாள். சபதம் நிறைவேறியது, ஜனங்கள் கும்பிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். தரம்வீர் பாரதியின் நாடகம் அந்த இடத்தில் ஆரம்பிக்கிறது. கூந்தலை முடிந்தாயிற்று. அப்புறம்? இத்தனை பேர் செத்ததற்கு யார் பதில் சொல்வது?

நாடகத்தில் ஆளாளுக்கு ஒரு பதில் இருக்கிறது. எல்லாப் பதிலும் இன்னொருவர் பக்கம் கை நீட்டுகிறது. பார்வை இல்லாதவனுக்கு எது தெரியும் என்கிறார் திருதராஷ்டிரர். தருமன் பொய் சொன்னான், அதனால்தான் இப்படி ஆனேன் என்கிறான் அஸ்வத்தாமன். மூன்றாம் அங்கத்தின் பெயரே 'அஸ்வத்தாமனின் அரை உண்மை'. கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். அஸ்வத்தாமன் இறந்தான் என்று தருமன் உரக்கச் சொல்கிறார். யானை என்பதை மெதுவாகச் சொல்கிறார். துரோணர் ஆயுதத்தைக் கீழே போடுகிறார். சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. காவல்காரர்களோ, நாங்கள் வெறும் காவல்காரர்கள், ராஜா மாறினாலும் எங்களுக்கு இதே நடைதான் என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருக்கிறார்கள்.

நான்காம் அங்கத்தில் காந்தாரி கிருஷ்ணனைச் சபிக்கிறாள். நினைத்திருந்தால் நீ நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை, உன் குலமும் இப்படியே அடித்துக்கொண்டு அழியட்டும் என்று. மேடையில் கிருஷ்ணன் வருவதில்லை, குரல் மட்டும்தான். அந்தக் குரல் வாதாடவில்லை. சாபத்தை ஏற்றுக்கொள்கிறது. பதினெட்டு நாளும் களத்தில் விழுந்த ஒவ்வொருவனோடும் சேர்ந்து செத்தது நான்தான் என்கிற அர்த்தத்தில் பேசுகிறது. ஏன் மறுக்கவில்லை என்று காந்தாரிதான் உடைந்து அழுகிறாள். முழு நாடகத்திலும் வேறு யார் மேலும் கை நீட்டாமல் 'ஆமாம், நான்' என்று சொல்கிற ஒரே இடம் அது. கடைசியில் இறக்கும்போது தன் பொறுப்பை அவர் மனிதர்களிடம் விட்டுவிட்டுப் போகிறார். இனி சாமி பார்த்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது.

இனி மேடைக்கு வருவோம். பம்பாயில் சத்யதேவ் துபே 1962ல் இதை மேடையேற்றினார். அப்போதுதான் இப்ராஹிம் அல்காஸி தில்லிக்கு வந்து தேசிய நாடகப் பள்ளியின் பொறுப்பை ஏற்றிருந்தார். 1977 வரை அவர்தான் இயக்குநர். நம் செ. ராமானுஜம் அவரிடம் படித்தவர்தான். அல்காஸி 1963ல் பெரோஸ் ஷா கோட்லாவின் இடிபாடுகளுக்கு நடுவே, திறந்த வெளியில் 'அந்தா யுக்' போட்டார். இடிந்த சுவர்தான் அஸ்தினாபுரம். பார்வையாளர்களில் ஒருவராகப் பிரதமர் நேரு வந்து உட்கார்ந்திருந்தார்.

வருடத்தைக் கவனியுங்கள். 1963.

அதற்கு முந்தின வருடம், 1962 அக்டோபர் 20ம் தேதி, சீனப் படை லடாக்கிலும் வடகிழக்கு எல்லையிலும் தாக்கியது. பருத்தி உடுப்போடும் கான்வாஸ் ஷூவோடும் நம் சிப்பாய்கள் இமயமலையில் நின்றார்கள். நவம்பர் 21ம் தேதி சீனாவே போர்நிறுத்தம் அறிவித்தது. அரசுக் கணக்குப்படி நம் பக்கம் 1383 பேர் இறந்தார்கள். 1696 பேரைக் காணவில்லை. 3968 பேர் கைதிகள்.

பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் நவம்பர் 7ம் தேதி மந்திரிசபையை விட்டுப் போனார். ராணுவத் தலைமைத் தளபதி தாப்பர் உடல்நிலையைக் காரணம் சொல்லி விலகினார். 1963 ஆகஸ்டில் கிருபளானி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். சுதந்திர இந்தியாவின் மக்களவை பார்த்த முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் அது. ஆதரவு 62, எதிர்ப்பு 347. அரசு நின்றது.

இடையில் ராணுவம் ஒரு விசாரணை நடத்தியது. லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸ், பிரிகேடியர் பகத் என்று இரண்டே பேர். அறிக்கை 1963ல் அரசிடம் வந்து சேர்ந்தது. செப்டம்பர் 2ம் தேதி புதிய பாதுகாப்பு அமைச்சர் சவான் நாடாளுமன்றத்தில் அதைப் பற்றி ஒரு அறிக்கை வாசித்தார். பயிற்சி, தளவாடம், கட்டளை அமைப்பு, படையினரின் உடல் தகுதி, தளபதிகளின் திறமை, இந்த ஐந்தைத்தான் விசாரித்தார்கள் என்றார். முழு அறிக்கையை வெளியிடவில்லை. 2010ல் ஏ.கே. அந்தோணி அமைச்சராக இருந்தபோதும் அதே பதில்தான். இன்றைக்கும் ராணுவ ரீதியில் முக்கியமான தகவல் இருக்கிறது, வெளியிட முடியாது. 2014ல் நெவில் மாக்ஸ்வெல் என்ற பத்திரிகையாளர் தன் கையிலிருந்த ஒரு பகுதியை இணையத்தில் போட்டார். அரசாங்கம் தானாக வெளியிடவில்லை.

ஒரே ஊர், ஒரே வருடம். 'யார் பொறுப்பு' என்ற கேள்விக்கு எழுத்தில் வந்த பதில் பீரோவுக்குள் போனது. அதே கேள்வி இடிந்த கோட்டையில் விளக்குப் போட்டு, பிரதமரை எதிரே உட்கார வைத்துச் சத்தமாகக் கேட்கப்பட்டது. நேரு வந்து உட்கார்ந்தாரே, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நாடகம் பார்ப்பதும் அறிக்கையை வெளியிடுவதும் ஒன்றல்ல.

கோட்லாவைப் பற்றி இன்னொன்று. கிரிக்கெட் மைதானம் என்றுதான் நம்மில் பலருக்கு அந்தப் பெயர் தெரியும். பக்கத்திலேயே இருக்கிற கோட்டைக்குள் போனால், அடுக்கடுக்கான ஒரு கட்டிடத்தின் உச்சியில் கல்தூண் ஒன்று நிற்கும். அசோகர் தூண். பெரோஸ் ஷா துக்ளக் 14ம் நூற்றாண்டில் அதைத் தோப்ரா என்ற கிராமத்திலிருந்து கொண்டுவந்தார். பஞ்சு மூட்டைகளின் மேல் மெல்லச் சாய்த்து, 42 சக்கர வண்டியில் ஏற்றி, யமுனையில் படகுகளில் மிதக்கவிட்டு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பண்டிதர்களைக் கூப்பிட்டுக் கேட்டார். ஒருவராலும் படிக்க முடியவில்லை. 1837ல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது, பேசுவது அசோகர் என்று.

அந்தத் தூணில் இருப்பது கலிங்கப் போர்ச் செய்தி அல்ல. அது 13ம் பாறைக் கல்வெட்டில் இருக்கிறது. டேராடூன் பக்கம் கால்சிக்குப் போனால் பார்க்கலாம். ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் இடம்பெயர்க்கப்பட்டார்கள், அதைவிடப் பல மடங்கு பேர் மாண்டார்கள், அதற்காக வருந்துகிறேன் என்று ஒரு ராஜா தன் பெயரிலேயே வெட்டி வைத்த கல். நம் சோழர், பாண்டியர் பெயரும் அதே கல்வெட்டில் வருகிறது. ஜெயித்தவன் செத்தவர்களின் கணக்கைத் தானே சொன்னது உலக சரித்திரத்திலேயே அபூர்வம். ஆனால் கலிங்க நாட்டிலேயே, தௌலியிலும் ஜௌகடாவிலும் உள்ள பாறைகளில், அந்த 13ம் கல்வெட்டு வெட்டப்படவில்லை. அதற்குப் பதில் வேறு இரண்டு ஆணைகள் இருக்கின்றன. வருத்தத்தை ஊரெல்லாம் சொன்னவர், அடிபட்டவன் வாசலில் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம் போலிருக்கிறது.

சரி, எங்கள் நாடகத்துக்கு வருகிறேன். இத்தனையும் எழுதியது இதைச் சொல்வதற்காகத்தான்.

காவல்காரர்களாக நடித்தது மத்திய அரசில் ஓய்வு பெற்ற இரண்டு மாமாக்கள். இருவரும் ரிகர்சலில் ஸ்கிரிப்டைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இது நம்ம செக்ஷன்தான் ஓய். வர்ற ஃபைலை மேலே அனுப்பு, மேலேருந்து வந்தா கீழே அனுப்பு. முப்பத்தஞ்சு வருஷம் தாழ்வாரத்துல நடந்திருக்கோம்." இருவருக்கும் நடிப்பே தேவைப்படவில்லை :-)

எங்கள் பிளாக்கில் சுபேதார் சார் என்று ஒருவர் இருந்தார். வேலூர் பக்கத்துக்காரர். ராணுவத்தில் இஞ்சினியர் படைப்பிரிவில் இருந்து ஓய்வு பெற்று, பிறகு ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருந்தவர். காவல்காரர் வேஷத்துக்கு முதலில் அவரைத்தான் கேட்டேன். "ரெண்டு தடவை காவல் காத்து ரிட்டயர் ஆயிட்டேன் தம்பி, மூணாவது தடவை வேணாம்" என்றார். வேறு என்ன இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். ஊமைச் சிப்பாய் வேஷத்தை எடுத்துக்கொண்டார்.

நாடகத்தில் அது சின்ன வேஷம். கால் ஒடிந்த கௌரவ சேனைச் சிப்பாய் தரையில் ஊர்ந்துகொண்டே வருவான். பேச்சு வராது. தண்ணீர் வேண்டும் என்று சைகை காட்டுவான். யுயுத்சு இரக்கப்பட்டுத் தண்ணீர் கொடுக்கப் போவான். சிப்பாய் நிமிர்ந்து முகத்தைப் பார்த்ததும் அலறிக்கொண்டு பின்னால் நகர்வான். அவன் காலை ஒடித்த அம்பு யுயுத்சு விட்டது. தர்மத்தின் பக்கம் நின்றவனுக்குத் தன் கைவேலை நேருக்கு நேர் தெரிகிற காட்சி அது. வியாச பாரதத்தில் யுயுத்சு கடைசிவரை உயிரோடு இருக்கிறான். பாண்டவர்கள் இமயமலைக்குப் போகும்போது ராஜ்ஜியத்தைக் கவனிக்கும் பொறுப்பு அவனிடம்தான் வருகிறது. தரம்வீர் பாரதிதான் அவனைத் தற்கொலைக்குத் தள்ளினார். ஜெயித்த பக்கம் நின்ற நல்லவனும் கணக்கிலிருந்து தப்ப முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது அவருக்கு.

முதல் ரிகர்சலில் சுபேதார் சார் ஊர்ந்து வந்தபோது, மூலையில் செல்போனில் பாம்பு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்த பையன்கள் நிறுத்திவிட்டார்கள். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு முழங்கையால் மட்டும் உடம்பை இழுத்துக்கொண்டு, இன்னொரு கையை எங்கேயும் ஊன்றாமல் தூக்கியே வைத்துக்கொண்டு வந்தார். ஏன் சார் அந்தக் கை என்று கேட்டேன். "விரல் மரத்துப் போயிருக்கும் தம்பி. ஊனினா தெரியாது, ஒடிஞ்சிடும்" என்றார்.

அன்றைக்கு டீ குடிக்கும்போதுதான் சொன்னார். 1962ல் அவருக்கு இருபது வயது. வடகிழக்கு எல்லையில் இருந்திருக்கிறார். பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்தது. யார் கொடுத்த உத்தரவு என்று தெரியாது. பூட்டான் மலை வழியாகப் பல நாள் நடந்து கீழே இறங்கியிருக்கிறார்கள். கூட வந்தவர்களில் சிலர் வழியில் உட்கார்ந்தார்கள், எழுந்திருக்கவில்லை. "கீழே வந்ததும் கம்பளி குடுத்தாங்க, சாப்பாடு போட்டாங்க. ஆனா என்ன நடந்துச்சுன்னு எங்களை ஒருத்தரும் கேக்கலை தம்பி. இன்னிக்கு வரைக்கும் கேக்கலை."

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நாடகம் நீளம், பத்து நிமிடம் குறைக்க வேண்டும் என்று சங்கத்துக் கமிட்டி சொன்னது. எட்டரைக்குச் சாப்பாடு. சிறப்பு விருந்தினராக ஒரு மத்திய அமைச்சகத்தில் பெரிய பதவியில் இருக்கும் தமிழர் வருகிறார், அவரை ரொம்ப நேரம் உட்கார வைக்கக் கூடாது. நியாயமான கோரிக்கைதான்.

நான் ஊமைச் சிப்பாய் காட்சியை வெட்டினேன்.

காவல்காரர்களின் சிரிப்பு வசனங்களில் ஐந்து நிமிடம் குறைத்திருக்கலாம். சஞ்சயனின் நீளமான வர்ணனையைக் குறைத்திருக்கலாம். செய்யவில்லை. அந்த வயசாளி அப்படி ஊர்ந்து வருவதை முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர் பார்ப்பாரே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. பொங்கல் அன்றைக்கு ஏன் இப்படி என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று பயம். அந்த வருடம் எனக்கு அந்த மனிதரிடம் ஒரு சின்ன வேலையும் ஆக வேண்டியிருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

சுபேதார் சார் கேட்டார். "நம்ம சீன் இல்லையாமே?"

"கமிட்டி குறைக்கச் சொல்லிட்டாங்க சார்" என்றேன்.

"கமிட்டின்னா யாரு தம்பி?"

நான் ஏதோ மழுப்பினேன். அவர் மேலே கேட்கவில்லை. நாடகத்தன்று திரை இழுக்கிற வேலையை ஏற்றுக்கொண்டார். முடிந்ததும் நாற்காலிகளை மடக்கி அடுக்க உதவி செய்தார். நாடகம் நன்றாகவே போனது. காந்தாரியாக நடித்த மாமி சாபம் கொடுத்தபோது ஹால் அமைதியாக இருந்தது. சிறப்பு விருந்தினர் பேசும்போது, மகாபாரதம் என்றைக்கும் பொருந்தும் என்றார். எல்லாரும் கை தட்டினோம். எட்டரைக்குச் சாப்பாடு.

நான் சொன்னது பொய்யா? கமிட்டி பத்து நிமிடம் குறைக்கச் சொன்னது நிஜம். எந்தப் பத்து நிமிடம் என்று முடிவு செய்தது நான். முதல் பாதியை உரக்கச் சொன்னேன். மறுபாதியை யானை மாதிரி முணுமுணுக்கக்கூட இல்லை. மூன்றாம் அங்கத்தை வரி வரியாகத் தமிழில் எழுதின கைதான் இது. அரை உண்மை என்றால் என்னவென்று தருமன் மேல் பழி போட்டு மூன்று பக்கம் எழுதியவன், அதை வெளியே வந்து சுபேதார் சாரிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

அதற்குப் பிறகு இந்த நாடகத்தை இரண்டு விதத்தில் பின்தொடர்ந்தேன். 2011ல் பானு பாரதி அதே கோட்லா இடிபாட்டில் 'அந்தா யுக்' போட்டபோது போய்ப் பார்த்தேன். ரத்தன் தியாம் (1948-2025) பற்றிப் படித்தேன். அல்காஸியின் மாணவர், இம்பாலில் நாடகக் குழு நடத்தியவர். அவர் 1994 ஆகஸ்ட் 5ல், ஹிரோஷிமா நாளுக்கு முந்தின நாள், ஜப்பானில் இந்த நாடகத்தை நடத்தியிருக்கிறார். அஸ்வத்தாமன் பிரம்மாஸ்திரத்தை எடுக்கும்போது, பூமியில் பயிர் விளையாது, பிறக்கிற குழந்தை ஊனமாகப் பிறக்கும் என்று வியாசர் எச்சரிப்பார். அதை அந்த ஊரில், அந்த நாளில் உட்கார்ந்து கேட்டவர்களை நினைத்துக்கொண்டேன்.

2014 மார்ச்சில் ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையின் ஒரு பகுதி வெளியே வந்த செய்தியைப் படித்ததும் சுபேதார் சாருக்கு போன் செய்தேன். அதற்குள் அவர் ஊரோடு போய்விட்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். எந்த உத்தரவு, எந்தத் தேதி, யார் கொடுத்தது என்றெல்லாம் இருக்கிறதாம் சார், அச்செடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "இங்கிலீஷ்ல இருக்குமே. நீ படிச்சுட்டுச் சொல்லு" என்றார்.

அப்போதுதான் மற்றதையும் சொன்னேன். "சார், அந்த சீனைக் கமிட்டி வெட்டலை. நான்தான் வெட்டினேன்."

"தெரியும்பா" என்றார். "அன்னிக்கே தெரியும்."

"அப்ப ஏன் சார் கேட்டீங்க, கமிட்டின்னா யாருன்னு?"

"நீ சொல்றியான்னு பாத்தேன்."

பிறகு பையன் எத்தனாவது படிக்கிறான், தில்லியில் குளிர் எப்படி என்று விசாரித்துவிட்டு போனை வைத்தார்.

ஆறு வருடம் எடுத்துக்கொண்டேன், ஒரு வாக்கியத்துக்கு. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. போரையும் பொங்கல் நாடகத்தையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறேன் என்று கோபப்பட வேண்டாம். அளவு வேறுதான், நன்றாகத் தெரியும். ஆனால் தப்பிக்கிற வழி ஒன்றேதான். மேலே கேட்டார்கள், கமிட்டி சொன்னது, உத்தரவு வந்தது. வினைச்சொல் மட்டும் இருக்கும், எழுவாய் இருக்காது. தாழ்வாரத்தில் நடக்கிற அந்த இரண்டு காவல்காரர்களைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அவர்கள் தலைமுறை தலைமுறையாக நடந்துகொண்டே இருப்பது அதனால்தான் என்று தோன்றுகிறது.

மூன்றாவது மாடி மாமிக்கு நான் அன்றைக்குச் சொன்ன பதில், "துவாபர யுகம் மாமி, கலி பிறக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி" என்பது. அதுவும் அரை உண்மைதான்.